முடிக்குள் இரண்டு கடல்

9 ஏப்ரல் 2025, தங்கச்சிமடத்து வாசகி கேட்டது

அக்கா, என் முடி இடுப்பைத் தாண்டும். ஜூலையில் கோயம்புத்தூரில் ஃபேஷன் டிசைன் படிக்கப் போகிறேன். அதற்குள் அரிச்சல்முனையை முடியில் வரைந்துகொள்ள ஆசை. ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல், நடுவே மணல். பிளீச் செய்யாமல் முடியுமா? சின்ன வயதிலிருந்து அம்மா மருதாணி பூசி வளர்த்த முடி. வீட்டுக் கிணறு உப்பு.

9 ஏப்ரல், இரவு

பிளீச் இல்லாமல் முடியாது. கருத்த முடியின் மேல் நீலச் சாயத்தை எவ்வளவு அப்பினாலும் வெயிலில் தலையைத் திருப்பும்போது ஒரு நீல மினுக்கம் தெரியும், அவ்வளவுதான். சாயம் முடியை வெளுக்காது. அங்கே ஏற்கெனவே இருக்கும் நிறத்தோடு தன் நிறத்தைக் கூட்டும். ஆகவே உள்ளே இருக்கும் மெலனினை முதலில் கரைத்தாக வேண்டும். பிளீச் பவுடரும் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள டெவலப்பரும் சேர்ந்து செய்கிற வேலை அது. நம் முடி கருப்பிலிருந்து நேரே வெளுப்புக்குப் போவதில்லை. அடர்சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்பக்கம் போன்ற வெளிர்மஞ்சளுக்கு வரும்.

வெளியூர் வாசகர்களுக்கு: தனுஷ்கோடியின் கோடியில், இரண்டு கடலும் சந்திக்கும் மணல்முனைதான் அரிச்சல்முனை. தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் எங்கள் கரையில் சொல்வார்கள். பெண்கடல் ஆழம் குறைந்தது, பச்சை ஓடியது. ஆண்கடல் கருநீலம். தங்கையின் திட்டத்தில் இதுதான் முதல் கணக்கு. பச்சைக்கு முடி மஞ்சளாகும்வரை வெளுத்தால் போதும். மஞ்சளின் மேல் நீலம் கலந்த சாயம் விழுந்தால் பச்சை தானாகவே வந்துவிடும். ஆனால் அதே மஞ்சளின் மேல் சுத்த நீலம் நிற்காது, பச்சைக்குச் சாய்ந்துவிடும். செம்மஞ்சளின் மேல் போட்டால் சேறு. ஆண்கடல் பக்கத்தை வெளிர்மஞ்சள்வரை கொண்டுபோய், மிச்சமிருக்கும் மஞ்சளை ஊதா டோனரால் அடக்கிய பிறகே நீலம் வைக்க வேண்டும். எனவே ஆண்கடல் பக்கத்து முடிதான் அதிகம் களைத்துப்போகும். அந்தப் பக்கத்தை ஒரே நாளில் முடிக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மருதாணியைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது பெரிய கதை.

11 ஏப்ரல்

வீட்டில் இலை பறித்து அரைத்த மருதாணி என்றால் அச்சமில்லை. அதன் சிவப்பு முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிளீச் செய்யும்போது அந்தச் செம்மஞ்சள் பிடிவாதமாக நிற்கும், நேரம் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான் தொல்லை.

பயம் பாக்கெட்டில் இருக்கிறது. 'மருதாணிப் பொடி' என்று விற்கும் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். பெராக்சைடு பட்டால் அவை சூடேறும். புகையே வரும், முடி அறுந்துபோகும். அவுரி கலந்த பொடி இன்னொரு வகைத் தலைவலி. மருதாணிக்கு மேல் அவுரி பூசிக் கருப்பாக்கிய முடியை வெளுத்தால் பாசிப் பச்சை வந்து நிற்கும். எந்தப் பாசியையும் நான் வெறுப்பவள் இல்லை, ஆனால் நீலம் கேட்டவருக்கு அது ஆகாது.

அம்மாவிடம் கேளுங்கள்: பொடி எப்போதாவது வாங்கினாரா, எந்த ஆண்டு? உங்கள் முடியின் நுனிக்கு ஆறேழு வயது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், இடுப்பில் இருக்கும் முடி நீங்கள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தலையிலிருந்து வெளிவந்தது. அன்று பூசியது இன்றும் அங்கேயே இருக்கும்.

கேட்டால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். சீப்பில் வரும் முடியை எறியாமல் ஒரு வாரம் சேர்த்து வையுங்கள். அதில் கொஞ்சத்தை நூலால் கட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் டெவலப்பர் ஊற்றி ஊறவிடுவேன். சூடு, நுரை, நிறமாற்றம் ஏதாவது தெரிந்தால் இந்தத் திட்டத்தை அன்றே மூடிவிடுவோம். ஒன்றும் தெரியவில்லை என்றால் இன்னொரு கட்டைப் பிளீச்சில் வைத்து, எந்த மஞ்சள் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று எழுதி வைப்பேன்.

14 ஏப்ரல், புத்தாண்டு

கடைக்கு விடுமுறை. உட்கார்ந்து வரைந்தேன்.

இணையத்தில் நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே விரித்துவிட்ட முடி. ஸ்டூடியோ விளக்கு, அசையாத தலை. இங்கே யார் முடியை விரித்துப்போட்டு நடக்கிறார்கள்? பாம்பன் பாலத்தைக் கடப்பதற்குள் காற்று அதைக் கயிறாக்கிவிடும். நம் முடி நாளில் முக்கால்வாசி நேரம் பின்னலில் இருக்கிறது. அப்படியென்றால் ஓவியத்தைப் பின்னலுக்காகத்தான் வரைய வேண்டும். விரித்தால் தெரிவது அதன் மறுபக்கம்.

ஆகவே இப்படி யோசித்தேன். பின்னலுக்கு மூன்று கால். உங்கள் பின்னால் நின்று பார்த்தால் இடது காலுக்குப் பெண்கடல், வலது காலுக்கு ஆண்கடல், நடுக்கால் உங்கள் சொந்தக் கருப்பு. அரிச்சல்முனையை நோக்கி நடப்பவருக்கு இடக்கைப் பக்கம் பாக் நீரிணை, வலக்கைப் பக்கம் மன்னார் வளைகுடா. தலையிலும் திசை பிசகாது. பின்னும்போது பச்சையும் நீலமும் கருப்பைத் தாண்டித் தாண்டிச் சந்திக்கும். அவிழ்த்தால் இரண்டு கடலும் இரண்டு தோளிலும் பிரிந்து விழும்.

நிறம் காதுக்குக் கீழிருந்துதான் தொடங்கும். இதற்குக் காரணம் இரண்டு. தலைத்தோலில் பிளீச் படாது. புதிய முடி வளர்ந்து வரும்போது வேரில் கறுப்புக் கோடு விழுந்து அசிங்கமாகாது, ஏனென்றால் மேலே ஏற்கெனவே கறுப்புத்தான்.

வரைந்த தாளை மூன்றாகப் போட்டிருக்கிறேன்: பின்புறம், பக்கவாட்டு, பின்னல். உங்களுக்கு ஓவியம் வரும் என்றீர்கள். அதன் மேல் உங்கள் கையாலேயே நிறம் தீட்டுங்கள், ஆனால் பகல் வெளிச்சத்தில். மஞ்சள் பல்பின் கீழே தேர்ந்தெடுத்த நீலத்தை நான் நம்புவதில்லை.

16 ஏப்ரல்

மணல் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். மணல் நிறம் என்பது வெளிர்மஞ்சளைக் கொஞ்சம் அடக்கிய பழுப்பு. அதை நீலத்துக்கு அடுத்து வைத்தால் முதல் குளியலிலேயே நீலம் அதில் ஏறும். ஒரு வாரத்தில் சாம்பல் ஆகிவிடும்.

16 ஏப்ரல், மாலை

மறுபடியும் யோசித்தேன். உங்கள் நேர்வகிடுதான் மணல்திட்டு. இரண்டு கடலுக்கும் நடுவே ஓடும் நிலம் ஏற்கெனவே உங்கள் தலையில் இருக்கிறது. அதற்கு எந்தச் சாயமும் வேண்டாம்.

தேவிபட்டினத்து வாசகி ஒருவர் இரட்டைச் சடை யோசனை சொல்லியிருக்கிறார்: வகிட்டைப் பிடரிவரை இறக்கி, ஒரு சடை பச்சை, ஒரு சடை நீலம். வடிவம் என்ற வகையில் அருமையான யோசனை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புவரை ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு போன பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிவை அவரே எடுக்கட்டும்.

20 ஏப்ரல்

வேறு ஒரு கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தம்பிகள் எல்லாம் கரையில். பாம்பனிலிருந்து ஒருவர் கேட்கிறார்: ஒட்ட வெட்டிய முடியில் மீன் செதில் வரைய முடியுமா?

முடியும். தம்பி, உங்கள் வீட்டிலேயே அதற்கான கருவி இருக்கிறது. கண் சிறிய பழைய வலைத்துண்டு ஒன்றைச் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்திக் கொண்டுவாருங்கள். முதலில் முடியை மஞ்சளாக்குவோம். மேலே வலையை இழுத்துப் பின்பக்கம் கட்டுவோம். கெட்டியான சாயத்தை ஸ்பான்ஜில் தொட்டு, வழித்தெடுத்து, ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். தேய்த்தால் வலைக்கு அடியில் ஊறிக் கோடு அழிந்துவிடும். வலையை எடுத்தால் இழை இருந்த இடம் மஞ்சளாகவும் கண் இருந்த இடம் நிறமாகவும் நிற்கும். கிளிமீன் வேண்டும் என்றால் நடுவில் மயில்நீலம், ஓரத்தில் இளஞ்சிவப்பு. புள்ளி, நட்சத்திரம், படகு போன்ற தனி உருவங்களுக்குப் பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவி அதில் வெட்டிய அச்சு நன்றாக உழைக்கும்.

ஒட்ட வெட்டிய முடியில் ஒரு கஷ்டம் உண்டு. பிளீச் தலைத்தோலில் பட்டே தீரும். ஆகவே 20 வால்யூம், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு. அதற்கு மேல் என் கடையில் கிடையாது. எரிகிறது என்று நீங்கள் சொன்ன நொடியில் கழுவிவிடுவேன். புண், சொறி, வெயிலில் உரிந்த தோல் இருந்தால் வரவே வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் கருப்பு மேலெழும்பிச் செதில் மங்கும். தடை முடிந்து கடலுக்குப் போகும்போது ஒரு மெஷின் ஓட்டினால் பழைய தலை திரும்பிவிடும். இந்தக் கரையின் ஆண்டுக்கணக்கோடு இவ்வளவு பொருந்தும் அலங்காரம் வேறு கிடையாது.

5 மே

தண்ணீர்.

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வீடியோக்களில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் கரையில் குடிக்கிற தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறோம், குளிப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீரில். அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியின் மேல் படிந்துவிடும். அந்தப் படிவின் மேல் பிளீச் சீராக ஏறாது, திட்டுத்திட்டாக வெளுக்கும். சாயமும் அப்படியே, ஓரிடத்தில் பிடிக்கும், இன்னோரிடத்தில் வழுக்கும்.

நான் செய்வது இது. வேலைக்கு முந்தைய வாரம், ஈ.டி.டி.ஏ. உள்ள ஷாம்புவால் ஒருமுறை அலசச் சொல்வேன். அது உலோகங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறும். வேலை நாளில் பிளீச்சைக் கழுவ உப்புத் தண்ணீரே போதும், நிறையத் தண்ணீர் வேண்டும். கடைசி அலசலும் சாயம் கழுவுவதும் நல்ல தண்ணீரில். நீள முடிக்குக் குடங்களை முன்கூட்டியே வாங்கி நிழலில் வைத்துவிடுவேன். மேல்தொட்டித் தண்ணீர் மே மாதத்தில் கொதிக்கிறது. சூடான தண்ணீரில் சாயம் ஓடிவிடும்.

வெளுத்த பிறகு ஏற்றும் இந்தப் பளிச்சென்ற நிறங்கள் முடிக்குள் வேதிவினையால் பூட்டப்படுவதில்லை. ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் வெளியே வரும். வெயிலும் அதை அரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தலைக்குக் குளியுங்கள், மற்ற நாளில் உடம்புக்கு மட்டும். கடலில் இறங்கினால் முதலில் நல்ல தண்ணீரால் முடியை நனைத்து, துணி சுற்றிக் கட்டுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி உப்புநீரைக் குறைவாகவே குடிக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் தலையைச் சுற்றித் துணி கட்டுவது தெரியும் அல்லவா, அதே கட்டு.

6 மே

கீழக்கரை வாசகி: "எண்ணெயைப் பற்றி ஏன் பேச்சில்லை? தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது என்றுதானே சொல்கிறார்கள்?"

நல்லதுதான். பிளீச்சுக்கு முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் பூசினால் முடி இழக்கும் புரதம் குறைகிறது. எண்ணெயோடேயே பிளீச் வைக்கலாம். ஆனால் நிறம் ஏற்றிய பிறகு இரவு முழுக்க எண்ணெய் ஊறவைத்தால் சாயம் தளர்ந்து தலையணையில் இறங்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனமில்லாதவர்கள் வேர்ப்பகுதிக்கு மட்டும் தேய்க்கட்டும். காதுக்கு மேலே நிறமே இல்லாத நம் வரைபடத்துக்கு இது வசதியாகவே அமைந்துவிட்டது. சீயக்காய் வேண்டாம். வெளிர் நிறங்களைப் பழுப்பாக்குகிறது, இதை நான் பல தலைகளில் பார்த்திருக்கிறேன்.

18 மே

கீழக்கரை வாசகியே மீண்டும் எழுதியிருக்கிறார். திருமண வீட்டில் கையில் கருப்பு மருதாணிக் கோன் வைத்து, கொப்புளம் கண்டு, மாதக்கணக்கில் தழும்பு இருந்ததாம். தலைக்கு நிறம் வைக்கலாமா என்கிறார்.

தயவுசெய்து எந்தக் கறுப்பு டையையும் தொடாதீர்கள். உண்மையான மருதாணி கறுப்பாகச் சிவக்காது. அந்தக் கருமைக்குப் பாரா ஃபினைலீன் டையமின் சேர்க்கிறார்கள். நிரந்தர ஹேர் டைகள் பலவற்றில் இருப்பதும் அதுதான். ஒருமுறை உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிட்டால் அடுத்த முறை முகமே வீங்கலாம். நீலம், பச்சை, இளஞ்சிவப்பு போன்ற நேரடிச் சாயங்கள் வேறு வகை. ஆனாலும் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள், நான் சொன்னேன் என்று தொடங்கிவிட வேண்டாம். இது உங்களுக்கு மட்டும்.

மற்ற எல்லோருக்கும்: காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு சாயம், 48 மணி நேரம் காத்திருப்பு. அவசரம் என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

2 ஜூன்

தங்கச்சிமடத்துத் தங்கை மே நடுவில் ஒருமுறை வந்தார், இன்று மறுமுறை. முதல் முறை இரண்டு காலையும் மஞ்சளாக்கி, பெண்கடலை மட்டும் தீட்டி அனுப்பினேன். ஆண்கடல் பாதி வழியில் நின்றது. இரண்டு வாரம் மஞ்சள் சடையோடு அவர் தங்கச்சிமடம் கடைத்தெருவில் நடந்திருக்கிறார். யார் என்ன சொன்னாலும் "இன்னும் முடியவில்லை" என்று பதில் சொன்னாராம். எனக்கு அந்த உறுதி மிகவும் பிடித்தது.

இன்று நடுவில் மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும் கடை அடுப்பாகிவிட்டது, பிளீச் வேகம் கூடியது. வெப்பத்தில் அது அப்படித்தான் ஓடும். ஃபாயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடிகாரத்தை நம்பியிருந்தால் நுனி கரைந்திருக்கும். கோடையில் வேலை செய்பவர்கள் டெவலப்பர் புட்டியையும் கவனியுங்கள். தகரக் கூரைக்கடியில் கிடந்த பெராக்சைடு சிதைந்து வீரியம் இழக்கும். புட்டி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

நீலத்தை மூன்று அடர்த்தியில் கலந்தேன். மேலே கருநீலம், கீழே போகப்போகக் கண்டிஷனர் சேர்த்து இளக்கியது. ஒவ்வொரு காலையும் தனித்தனியே, தலையை அந்தந்தப் பக்கம் சாய்த்துக் கழுவினோம். அவர் அம்மா குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார். காலையில் வாசலிலேயே நின்றவர் அவர்.

பின்னி முடித்து வெளியே வெயிலில் நிறுத்தினேன். கச்சான் காற்று பின்னலைத் தூக்கித் தோளில் போட்டது. நன்றாக வந்திருக்கிறது.

20 ஜூலை

மங்குவதைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். தங்கை கோயம்புத்தூரிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். நீலம் கீழிருந்து பச்சைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. அடியிலிருக்கும் மஞ்சள் வெளியே எட்டிப்பார்க்கிறது. இதை எதிர்பார்த்துத்தான் நுனியை இளக்கி வைத்தேன். மங்கும்போது ஆண்கடல் நுனியிலிருந்து பெண்கடலாக மாறும், இரண்டும் ஓரிடத்தில் கலக்கும். முதல் நாள் அழகை மட்டும் வரைபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வாடிக்கையாளர் அந்த முடியோடு மாதக்கணக்கில் வாழப்போகிறார்.

அதனால் நிறம் தேர்ந்தெடுக்கும்போதே மூன்றாவது மாதத்தையும் யோசியுங்கள். இளஞ்சிவப்பு சீக்கிரம் ஓடிவிடும். பச்சை போகவே போகாது, வெளுத்தாலும் கறை நிற்கும். நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வைக்காதீர்கள், ஒன்றிலொன்று இறங்கினால் பழுப்புத்தான் மிஞ்சும். இரண்டும் வேண்டும் என்றால் நடுவே கறுப்பு முடி ஒரு விரல் அகலம் விடுங்கள்.

11 ஆகஸ்ட்

ராமேஸ்வரம் வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகச் சிவப்போ ஊதாவோ ஏற்றிய தலையோடு 22 தீர்த்தங்களிலும் நீராடப் போகாதீர்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். நேற்று ஒரு வெளியூர்ப் பெண் அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தார். வெள்ளைச் சுடிதாரில் தோளிலிருந்து முழங்கால்வரை மஜந்தா. நீராடுவதை முதலில் முடித்துவிட்டு, ஊருக்குப் போய் நிறம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

23 நவம்பர்

மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எழுபதைத் தாண்டியவர், முழு வெள்ளை முடி. தனுஷ்கோடிப் பூநாரைகளைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். அந்த நீர்ப்பரப்பு 2025 இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. "அது சிறகை விரிக்கும்போது உள்ளே ஒரு சிவப்பு தெரிகிறதே, அது எனக்கு வேண்டும்" என்றார்.

அந்தச் சிவப்பு பறவைக்கு உணவிலிருந்து, கரோட்டினாய்டுகளிலிருந்து வருகிறது. நமக்குக் கிண்ணத்திலிருந்து. இவருக்குப் பிளீச்சே தேவையில்லை, அந்த வேலையை வயது முடித்து வைத்திருக்கிறது. வெள்ளை முடி சற்று முரடு, சாயத்தைத் தயங்கித்தான் வாங்கும். கூடுதல் நேரம் வைத்தால் போதும். காதுக்கு மேல் ஒரு அடுக்கை வெளிர் இளஞ்சிவப்பாக்கி, அதற்கு அடியில் மறைந்திருக்கும் அடுக்கைச் செம்மையாக்கினேன். கொண்டை போட்டால் அந்தச் செம்மை தெரியாது. காதோர முடியை ஒதுக்கும்போது தெரியும். பூநாரையும் நிற்கும்போது அப்படித்தான், பறக்கும்போதுதான் காட்டும்.

இந்த ஆண்டில் நான் செய்தவற்றில் இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். ஆண்கடல் நீலத்தைவிடவும்.

7 டிசம்பர்

தொண்டியிலிருந்து ஒரு வாசகி: வேலை பார்க்கும் இடத்தில் நிறம் கூடாது, திருமணத்துக்குப் போகும்போது மட்டும் வேண்டும். வழி உண்டா?

சவுரி. உண்மை முடியால் ஆன சவுரியை வாங்கி அதில் வரையுங்கள். நைலான் சவுரியில் பிளீச்சும் ஏறாது, இந்தச் சாயங்களும் பிடிக்காது. ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள்: உண்மை முடி பொசுங்கி நாறும், விரலில் தேய்த்தால் சாம்பலாகும். நைலான் உருகிக் குண்டுமணியாகும். கடைச் சவுரியை ஏற்கெனவே அமிலத்தில் முக்கிக் கருப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதனால் அதில் பிளீச் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது, நுனியில் ஒரு கொத்தைச் சோதியுங்கள். உங்கள் வீட்டிலேயே உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கட்டிய சவுரி இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. உலர்ந்த பிறகு மெல்லிய துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள், பட்டுப்புடவையோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்.